தார்ப்பாய்க்கு வெளியே நின்ற மல்லிகை

சுனாமி நிவாரணத்தில் கிடைத்த நீலத் தார்ப்பாய் கொல்லையில் சும்மா கிடப்பதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. மெயின்லாண்டிலிருந்து கப்பலில் ஆறு மல்லிகைக் கன்றுகள் கொண்டுவந்திருந்தேன். சொந்தச் செடியில் பூப்பறித்துச் சூட வேண்டுமென்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. எங்கள் அந்தமான் வண்டூரிலோ பருவமழைக் காற்று கடலுப்பை அள்ளி வீசும், இளங்கன்று தாங்காது. நான்கு கன்றுகளுக்கு மேலே தார்ப்பாயைக் கூரையாகக் கட்டினேன். இடம் போதாமல் இரண்டு வெளியே நின்றன.

“பாவம்டி, அது ரெண்டும் போச்சு,” என்றாள் அம்மா.

மூன்றே வாரத்தில் கருகியவை கூரைக்குள் இருந்த நான்கும்தான்! வெளியே நின்றவை பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தன. நம்ப முடியாமல் இலைகளை நக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்தவை கரித்தன. வெளியே இருந்தவை கரிக்கவில்லை. உப்புக்காற்று பக்கவாட்டில் புகுந்து எல்லாவற்றிலும் படிந்திருக்கிறது. மழை கழுவிவிட்டது வெளியே நின்றவற்றை மட்டும்தான்.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “செடிய பாரிஷ்ல நனையாம காப்பாத்துன காலேஜ் பொண்ணு நீதான்டி!” மழைக்கு அவள் வாயில் எப்போதும் அந்த இந்திச் சொல்தான்.

மழை ஓய்ந்தபோது அவள் கூந்தலில் நான்கே மொட்டுகள் இருந்தன. அதற்கே தெரு முழுக்க நடந்து காட்டினாள். காப்பதாக நினைத்து நான் மறைத்தது மருந்தைத்தான் என்று எனக்கும் புரிந்தது.

கடல் ஏறியதிலிருந்து எதுவும் முளைக்காத கீழ்வயல் ஒன்று எங்களுக்கு உண்டு. தண்ணீர் வடிந்தோட வரப்பை வெட்டிவிட்டு, அடுத்த மழை அதன் உப்பைக் கழுவியதும், அங்கேயும் மல்லிகை நடப்போகிறேன்.