என் முறை எப்போது வரும் என்று கேட்டேன்

போன வருஷம் மழை ஓய்ந்து, ஏரியில் இறால் நன்றாக விழுந்துகொண்டிருந்த சமயம். நான் பி.எட். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவக் குப்பம். காலையில் படகேறிக் கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, திருப்பாலைவனம் தாண்டிப் போனால்தான் கல்லூரி. அந்தப் படகில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்ட ஒரு அசட்டுக் கேள்வியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். 

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயங்கர வாயாடி. "இவ பேச ஆரம்பிச்சா மோட்டாரே தேவையில்ல, படகு தானா போவும்" என்று படகோட்டும் அண்ணனே கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாசக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது ஒரு வாட்ஸ்அப் குழு.

எங்கள் கல்லூரியில் ஒரு மேடம், "வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு இணையத்துல ஒரு ஆசிரியர் வட்டம் இருக்கணும். நாலு ஊர் டீச்சர் எப்படிப் பாடம் நடத்துறாங்கன்னு பாருங்க, கேளுங்க, நீங்களும் எழுதுங்க" என்று சொல்லி எல்லோரையும் ஆளுக்கொரு குழுவில் சேரச் சொன்னார். காட்டூரிலிருந்து வரும் என் தோழி கண்ணில் பட்ட குழுவில் எல்லாம் சேர்ந்து, தினமும் ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் ஒரே குழுவில்தான் சேர்ந்தேன். தமிழ்நாடு முழுக்க இருக்கிற அறிவியல் ஆசிரியர்களின் குழு அது.

சேர்ந்து என்ன பிரயோஜனம்? ஒரு வார்த்தை எழுதவில்லை. பயம் என்று நினைத்துவிடாதீர்கள். அது மரியாதை. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஏரியில் இறால் நன்றாக விழுகிற துறைகள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போய் வலை போட்டால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் எங்கள் பக்கம் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இந்தத் துறை இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை பிரித்துக்கொள்வார்கள். உன் பாடு வரும்வரை நீ கரையில்தான் நிற்க வேண்டும். அடுத்தவன் பாட்டில் வலையை இறக்கினால் ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அந்தக் குழுவில் தினம் காலையில் ஒரு ஆசிரியர் ஒரு சோதனையோ பாடமோ போடுவார். இன்று ஒருவர் என்றால் நாளை வேறொருவர். புதிதாக வந்த ஒருத்தர் இடையில் புகுந்து எதையோ கேட்க, 'இன்று இந்தத் தலைப்பு ஓடுகிறது, சற்றுப் பொறுங்கள்' என்று பதில் வந்தது. எனக்கு இவ்வளவு போதாதா? ஓஹோ, இங்கேயும் பாடு இருக்கிறது, நம்மைக் கூப்பிடும்போது பேசினால் போதும் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரும் கூப்பிடவே இல்லை.

இப்படி இருக்கும்போது பயிற்சிக் காலம் வந்தது. எனக்குக் கிடைத்தது எங்கள் ஏரிக்கரைப் பள்ளிக்கூடமே. எட்டாம் வகுப்பு, அறிவியல். எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள்தானே, பிய்த்து உதறிவிடலாம் என்று போனேன். பிள்ளைகளோ வாயே திறக்கவில்லை. முன் பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் "ஆமா மிஸ், இல்ல மிஸ்" என்றார்கள். மீதிப் பேர் என்னை டி.வி. பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் வழிகாட்டியாக இருந்த அந்தப் பள்ளி ஆசிரியை கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பாடமெல்லாம் நல்லாத்தான் சொல்ற. ஆனா யாருக்குச் சொல்ற? அடுத்த வாரம் நான் கடைசி பெஞ்சுல வந்து உக்காருவேன். அன்னிக்கும் வகுப்பு இப்படியே கம்முனு இருந்துச்சுன்னா என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார்.

கையெழுத்து இல்லையென்றால் பயிற்சி செல்லாது. அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். நைனாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "போனா போவுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றுதான் சொல்வார். எனக்கு அதுதான் பயம். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டே படிப்பை விட்டுவிட்டு இறால் உரிக்க உட்கார்ந்த அக்காமார்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என்னை விட நன்றாகப் படித்தவள்.

அன்று சாயங்காலம் படகில் திரும்பும்போது கைப்பேசியை எடுத்தேன். குப்பத்தில் சிக்னல் வராது, நடு ஏரியில்தான் ஜோராக வரும். குழுவை நடத்துகிற ஆசிரியைக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். 'வணக்கம் மேடம். நான் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. என் முறை எப்போது வரும்? கொஞ்சம் அவசரம்.'

அவர் மேற்கே ஏதோ மலையடிவாரப் பள்ளியில் வேலை பார்ப்பவர். பதிலைக் குரலிலேயே அனுப்பினார். "என்ன முறைங்க அம்மிணி? எனக்குப் புரியலியே. இங்க முறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் கேக்கலாமுங்க. இத்தன நாளா முறை வரும்னா காத்துட்டிருந்தீங்க?"

கூடவே ஒரு சிரிப்பு. எனக்கு மானமே போய்விட்டது. அப்படியே ஏரியில் குதித்துவிடலாம் போல இருந்தது, ஆனால் அங்கே ஆழம் இடுப்பளவுதான். சரி, போன மானம் போயாச்சு என்று எங்கள் ஊர்ப் பாடு பற்றி மூச்சு விடாமல் பேசி அனுப்பினேன். பாதி காற்றுச் சத்தமும் மோட்டார் சத்தமுமாகத்தான் போயிருக்கும்.

 குப்பம் நெருங்கி சிக்னல் போவதற்குள் பதில் வந்தது. இந்த முறை சிரிப்பு இல்லை. "நெசமாலுமே நல்ல வழக்கமுங்க அது. நம்ம குழுவுல பேசறவங்களேதான் பேசிட்டிருக்கறாங்க. பேசாதவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்போலன்னு நானும் இருந்துட்டனுங்க. நாளைக்கு உங்க பாடு. தாராளமாக் கேளுங்க."

மறுநாள் காலை குழுவில் அறிவிப்பே போட்டுவிட்டார். இன்று ஒரு பயிற்சி ஆசிரியையின் பாடு, மற்றவர்கள் பதில் மட்டும் சொல்லலாம் என்று.  'என் வகுப்பில் பிள்ளைகள் பேசுவதே இல்லை. நான் என்ன செய்வது?' என்று மட்டும் எழுதினேன்.

பதில்கள் கொட்டின. ஒருவர் கண்டிப்பு வேண்டும் என்றார். ஒருவர் மிட்டாய் கொடுங்கள் என்றார். இன்னொருவர், 'இதெல்லாம் பி.எட். புத்தகத்திலேயே இருக்குமே' என்று எழுதி என் மூக்கை உடைத்தார். ஒரே ஒருத்தி மட்டும் என்னிடம் கேள்வி கேட்டாள். திருநெல்வேலிப் பக்கம் போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள், என்னைவிடச் சின்னவள். 'உங்கள் வகுப்பை நான் காதால் கேட்கலாமா? பதிவு செய்து அனுப்புங்கள்' என்றாள்.

வழிகாட்டி ஆசிரியையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கைப்பேசியை மேஜையில் வைத்து ஒரு வகுப்பைப் பதிவு செய்து அவளுக்கு அனுப்பினேன். பிள்ளைகள் குரல் வெளியே போகுமே என்ற கவலையே வேண்டாம். அவர்கள்தான் பேசவே இல்லையே!

அன்று சாயங்காலம் படகில் இருக்கும்போது அவள் குரல் வந்தது. "யக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. கேள்வியையும் நீங்களே கேக்கீய, பதிலையும் நீங்களே சொல்லுதீய. நடுவுல பிள்ளைய வாயத் தொறக்க எங்க நேரம் இருக்கு? நீங்களே ஒரு தடவ போட்டுக் கேளுங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாய்ப்பே கொடுக்கவில்லையா? போட்டுக் கேட்டேன். "அமிலம் இன்னா ருசியா இருக்கும், சொல்லுங்க? புளிப்பா இருக்கும், இல்லியா? காரம்? வழவழன்னு இருக்கும், சரியா?" சே! ஒரு பிள்ளை மூச்சை உள்ளே இழுப்பதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன். ஒரு இடத்தில் யாரோ "மிஸ், அது..." என்று ஆரம்பித்திருக்கிறார்கள். சின்னக் குரல், ஒரு பெண் பிள்ளை. நான் அதன் மேலேயே பேசிக்கொண்டு போயிருக்கிறேன். வகுப்பில் நின்றிருந்தபோது அந்தக் குரல் என் காதிலேயே விழவில்லை.

முறை வரட்டும் என்று மாசக்கணக்கில் காத்துக் கிடந்தவள் நான். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக்கூட முறை கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னா பொண்ணு, இன்னிக்கு மோட்டார் ஆஃப்பா?" என்று படகோட்டி அண்ணன் கேட்டார். 

மறுநாள் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பெஞ்சுக்கு ஒரு சீட்டு எழுதிக் குலுக்கினேன். "இனிமே இந்த வகுப்புல பாடு. எந்த பெஞ்சு பேரு வருதோ, கேள்வி அவங்களுது. அவங்க முடிக்கிற வரைக்கும் வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றேன்.

விளக்கமே தேவைப்படவில்லை. எல்லாம் பாடு பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஜன்னலோரம் இருந்த பெண்கள் பெஞ்சிலிருந்து ஒரு சந்தேகம் வந்தது. "மிஸ், பொம்பளப் பசங்களுக்குக் கூடவா பாடு?" ஏரியில் பாடு ஆண்களுக்குத்தான். எங்கள் ஊர்ப் பெண்களின் பெயர் எந்தச் சீட்டிலும் வந்தது கிடையாது. "இங்க எல்லாருக்கும் உண்டு" என்றேன். அந்தப் பிள்ளைகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எப்போதும் குனிந்தே இருக்கிற ஒருத்தி அன்றுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாரத்தில் பாதி நாள் அம்மாவுடன் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கப் போய்விடுவாள். பதிவில் கேட்ட அந்தச் சின்னக் குரல் இவளுடையதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பழக்க தோஷம் விடுமா? முதல் கேள்விக்கே நான் பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். உடனே பின்னாலிருந்து, "மிஸ், இது அவங்க பாடு! நீங்க வலை போடக் கூடாது!" என்று கத்தினார்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அங்கே நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

வழிகாட்டி ஆசிரியை வந்து உட்காரும் நாளும் வந்தது. அமிலமா காரமா என்று நிறத்தை வைத்துப் பார்க்க, செம்பருத்திப் பூவை வேகவைத்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் ஒன்றில் சோப்புத் தண்ணீரும் விட்டுக் காட்டினேன். முதல் சில பெஞ்சுகள் நன்றாகவே பேசின. அப்புறம் எடுத்த சீட்டு ஜன்னலோரப் பெண்கள் பெஞ்சு. மற்றவர்கள் தள்ளிவிட, எழுந்து நின்றது அந்தக் குனிந்த தலைக்காரி.

"இன்னா பாத்த? சொல்லு" என்றேன். அவள் சொல்லவில்லை. நேரம் போனது. கடைசி பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியை தலையை நிமிர்த்தினார். என் நாக்கு நுனியில் பதில் வந்து நிற்கிறது. நான் சொல்லிவிட்டால் பாடம் ஓடிவிடும், இல்லையென்றால் இந்த அமைதியிலேயே என் ஒரு வருஷம் மூழ்கிவிடும் என்று தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். வகுப்பில் ஒரு பிள்ளை அசையவில்லை. அவள் பாடு முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எலுமிச்சைக்கு செவப்பாச்சு மிஸ். சோப்புக்குப் பச்சையாச்சு" என்றாள் மெதுவாக. உட்காருவாள் என்று பார்த்தேன், உட்காரவில்லை. "அப்ப நம்ம ஏரித் தண்ணி இன்னா மிஸ்? அதுல நின்னா எங்கம்மாவுக்குக் காலெல்லாம் எரியுதே?"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. "தெரியாதுடா. ஊத்திப் பாக்கலாமா?" என்றேன். ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, பாட்டிலில் கொண்டுவந்துவிட்டார்கள். ஊற்றினோம். நிறம் லேசாகத்தான் மாறியது. பச்சை என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. பாடாவது ஒன்றாவது, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. வழிகாட்டி ஆசிரியை எழுந்து வந்து, டம்ளரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எனக்குப் பச்சை மாதிரிதான் தெரியுது. ஆனா காலு ஏன் எரியுதுன்னு இது சொல்லாது. அதைத் தனியாத்தான் தேடணும்" என்றார். கையெழுத்துப் போடும்போது, "அடுத்த தடவை சீட்டுல எனக்கும் ஒரு பெஞ்சு சேத்துக்கோ" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று படகிலிருந்தே குழுவுக்குச் செய்தி சொன்னேன். திருநெல்வேலிப் பெண், "யக்கா, ஜெயிச்சிட்டீய!" என்று கத்தி அனுப்பினாள். ஏரித் தண்ணீர், எரிகிற கால் பற்றிய அந்தக் கேள்வியைக் குழுவில் வைத்தேன். அன்றிலிருந்து ஆளுக்கு ஒன்று தேடிச் சொன்னார்கள், நான் அதை வகுப்புக்குக் கொண்டுபோய்ச் சொன்னேன். அந்தக் குனிந்த தலைக்காரி மறுநாளும் பள்ளிக்கு வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். வந்ததும் வராததுமாக, "மிஸ், எங்க பாடு எப்போ?" என்றாள்.

இப்போது நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறேன். முகமே பார்க்காத அந்த மனிதர்கள் இன்னும் என் கூடவே இருக்கிறார்கள், குழுவில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் பாடு உண்டு. பேசாமல் உட்கார்ந்திருக்கும் யாரைப் பார்த்தாலும், நடு ஏரியில் கைப்பேசியில் கேட்ட அந்தப் பாதிக் குரல், "மிஸ், அது..." என்று என் காதில் விழுகிறது, உடனே என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.