பவ்யா பார்த்தது உண்மைதான்

அன்று நான் நடத்தியது பாடமா, சதியா? எனக்கே இன்னும் விடை தெரியவில்லை. செய்த தவறு மட்டும் தெரியும். உண்மையைப் பார்த்த ஒரு பெண்ணைத் தன் கண்களையே நம்பாதபடி ஆக்கிவிட்டேன்!

ஓசூரில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உளவியல் ஆசிரியை நான். ஒரு மாலை, பாகலூர் சாலையில் என் கணவரின் கார் ஒரு பெண்மேல் மோதியது. ரோஜாப் பண்ணையில் வேலை முடித்துத் திரும்பியவர். கால் எலும்பு நொறுங்கிவிட்டது. அந்தப் பெண்தான் குறுக்கே ஓடிவந்தார் என்று கணவர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் என் மாணவி பவ்யா படபடத்தாள்.

"மிஸ், நேத்து ஆக்சிடென்ட்ட நான் பாத்தேன். அந்த அக்கா ஓரமாத்தான் நின்னாங்க. அந்தாளு போன் பேசிக்கிட்டே வந்து இடிச்சிட்டான். சாயந்திரம் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க மிஸ்!"

அந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியாது. போனின் மறுமுனையில் இருந்தவள் நான். மகளுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வாருங்கள் என்று பதறிக்கொண்டிருந்தேன்... கார் மோதிய சத்தத்தை நானும் கேட்டேன்.

நினைவாற்றல் பாடம் அடுத்த மாதம் வர வேண்டியது. அன்றே எடுத்தேன்.

பாய், தலையணை, கொட்டாவி, இருட்டு, கனவு... வரிசையாக வாசித்துவிட்டு, "தூக்கம்னு சொன்னேனா?" என்றேன். வகுப்பே கை தூக்கியது.

"சத்தியமா சொன்னீங்க மிஸ்!"

"சொல்லவே இல்ல. நடக்காததையும் நடந்த மாதிரி நம்ம நினைவு சேத்துக்கும்."

"மிஸ், இவன் தூங்கிட்டே இருந்தான். இவனுக்கும் கேட்டுச்சாம்!"

ஒரே சிரிப்பு. பவ்யா மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் என் மேசையருகே வந்து நின்றாள்.

"அப்போ நான் பாத்ததும் இந்த மாதிரி இருக்குமா மிஸ்?"

நினைவு எப்போதும் பிசகுவதில்லை, பார்த்ததைப் பார்த்தபடி சொல் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாடம்தானே?

"இருக்கலாம்மா" என்றேன்.

சரியாக ஞாபகமில்லை என்று அவள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டாள். "பாத்த பொண்ணே பின்வாங்கிடுச்சாம். தப்பிச்சோம்டி" என்றார் கணவர். அவள் என் மாணவி என்பது அவருக்கு இன்றும் தெரியாது.

அடிபட்ட பெண்ணால் இனி நின்று பூப்பறிக்க முடியாதாம். பவ்யாவோ, வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுகிறாளாம். அவள் அம்மா என்னிடமே வந்து சொன்னார். "நீங்கதான் ஏதாவது பேசிப் பாக்கணும் மிஸ்!"

காவல் நிலையத்தில் நான் உண்மையைப் பேசினால் கணவர்மேல் வழக்கு வரும். மகளுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. பேசாவிட்டால்...?

இதைப் படிக்கும் நீங்கள் சொல்லுங்கள். நீ பார்த்தது உண்மைதான் என்று பவ்யாவிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், அது போதுமா?