எலி கடித்த பிரதி

பள்ளி நூலக உதவியாளருக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்தது. காரணம், ஏழாம் வகுப்புப் பொடிசு ஒன்று.

பாடமாக வைத்திருந்த பழைய நாவலில் கறுப்பானவர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை ஒன்று பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆசிரியர் பொடிசைப் பார்த்தபடி அதைச் சத்தமாக வாசிக்க, வகுப்பே திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்ததாம். மறுநாளே அவள் அம்மா வந்தாள். தலைமையாசிரியை எழுந்து நாற்காலி போட்டார். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். நாவலை வைப்பதா, தூக்குவதா என்று பேசக் கூட்டமும் கூட்டிவிட்டார்கள்.

நாற்காலியாம், மன்னிப்பாம்! இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே பள்ளியில், இதே நாவலுக்கு, அப்போது இங்கே படித்த இவளைப் பார்த்தும்தான் சிரித்தார்கள். பத்தாம் வகுப்புவரை அந்த வார்த்தைதான் இவள் பெயர். வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் ஏறவில்லை. வீட்டில் சொன்னதற்கு, "கதைதானே, விடு" என்றார் அப்பா. இவளும் கூடச் சேர்ந்து சிரித்தே காலத்தை ஓட்டினாள்.

"நாப்பது பிரதியையும் கட்டி வைம்மா. முடிவாகுற வரைக்கும் யாருக்கும் குடுக்காதே" என்றார் தலைமையாசிரியை. உனக்கு என்ன தோன்றுகிறது என்று இப்போதும் யாரும் கேட்கவில்லை.

கட்டிக்கொண்டிருக்கையில் அந்தப் பொடிசே வந்து நின்றது.

"அக்கா, அந்த நாவல் வேணும்."

"மகாராணிக்காகத்தான்டி மூட்டை கட்டுறேன்!"

"தூக்கச் சொன்னது அம்மா. என்னைப் பாத்துப் படிக்காதீங்கன்னுதான் நான் சொன்னேன். கதை பாதியில நிக்குது. அவன் வீடு போய்ச் சேந்தானா?"

இந்த வயதில் இந்த வாய்! பொறாமை இவளுக்குக் காதுவரை ஏறியது. ஆனாலும் கை அகராதிகளுக்குப் பின்னால் போய், நாற்பதில் சேராத ஒரு பிரதியை எடுத்தது. 'எலி கடித்தது' என்று எப்போதோ கணக்கில் கழித்துவிட்ட பிரதி அது.

பொடிசு புரட்டியது. பக்கமெல்லாம் பிளேடால் வெட்டிய குட்டி ஜன்னல்கள்.

"என்னக்கா இது?"

"எலி."

"அந்த ஒரு வார்த்தையை மட்டுமா? அவ்ளோ பிடிக்குமா அதுக்கு?"

"பிடிக்காமத்தான் கடிச்சிருக்கு."

பொடிசு இவள் முகத்தையே பார்த்தது. பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டது.

"முடிவு உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது. எலி எங்கே கதை படிச்சது?"

பொடிசு சத்தமாக வாசித்தது. ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு மூச்சில் தாண்டியது. ஆனால் தாளைத் திருப்பினால், அதே ஓட்டை மறுபக்கத்தில் நல்ல சொற்களையும் விழுங்கியிருந்தது. பொடிசு திணறியது.

இவள் கட்டை அவிழ்த்து, முழுப் பிரதி ஒன்றை உருவிப் பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன சொற்களை எடுத்துக் கொடுத்தாள்.