குயில்மலைக்காரர்

ரிகா நகரத்தில் விஸ்வால்டிஸைக் கோபப்படுத்துவது சுலபம். அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குயில்மலையை மேடு என்று சொன்னால் போதும். எங்கள் லாட்விய பாஷையில் மேட்டுக்கும் மலைக்கும் ஒரே சொல்தான் என்றாலும், சொல்கிற தொனியிலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார். இருபத்தெட்டு மீட்டர். அந்தத் தட்டை ஊரில் மனிதன் கை வைக்காமல் தானாக நிற்கிற இடங்களில் அதைவிட உயரமானது கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில், பூங்காவுக்கு நடுவில் இருக்கும் குன்றைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அது பழைய கோட்டையை இடிச்சுக் கொட்டின மண்ணு. அதெல்லாம் மலையில சேத்தி இல்ல" என்று அதோடு முடித்துவிடுவார்.

நெசவாலையில் தறி பழுது பார்ப்பவர். குனிந்து குனிந்து முதுகு போனதால், சோவியத் காலத்தில், எழுபத்திநாலில், தொழிற்சங்கம் அவரைக் காகசஸில் ஒரு ஆரோக்கிய விடுதிக்கு அனுப்பியது. அறைத்தோழர் ஜோகியா, ஜார்ஜியாவில் ஸ்வனேத்திக்காரர். வீட்டு வாசலில் நின்றால் பனிச்சிகரங்கள் தெரியும் ஊர். வயிற்றுக் கோளாறுக்காக வந்தவர், மலையைப் பற்றிப் பேசாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட மாட்டார்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் யாரோ, ரிகாவில் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று அது யோசித்து நிற்கும் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். விஸ்வால்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் வீடே மலையடிவாரத்துலதான் இருக்கு. ரிகாவுலயே பெரிய மலை."

ஜோகியா நிமிர்ந்து உட்கார்ந்தார். பனி விழுமா என்று கேட்டார். மார்ச் வரைக்கும் கிடக்கும் என்றார் இவர். ஆபத்தான மலையா என்று கேட்டார். வருஷம் தவறாமல் யாராவது கையோ காலோ ஒடித்துக்கொள்கிறார்கள் என்றார் இவர். அவர்கள் சறுக்குப் பலகையில் விளையாட வரும் பிள்ளைகள் என்பதை ஜோகியா கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"இப்படி ஒரு மலையை வச்சுக்கிட்டு இத்தனை நாளா வாயே திறக்கலையே தம்பி. மலைக்காரன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று ஜோகியா அவரைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த பிப்ரவரியில் ஜோகியா ரிகா ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். தோளில் கயிற்றுச் சுருள், கையில் பனிக்கோடரி, காலில் ஆணி வைத்த பூட்ஸ், முதுகில் ஒரு குடுவை திராட்சை மது. அன்றைக்குத்தான் விஸ்வால்டிஸ் தன் மனைவி வெல்டாவிடம் விஷயத்தைச் சொன்னார். வெல்டா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டு நாள் அவர் விருந்தாளியைச் சந்தைக்கும் கடற்கரைக்கும் இழுத்தடித்தார். மலை எங்கே என்று கேட்டபோதெல்லாம் மேகத்துக்குள் இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஜோகியா விடியும்போதே கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறு முனையை விஸ்வால்டிஸ் இடுப்பிலும் கட்டினார். அண்டை வீட்டுக்காரர்கள் சன்னல் சன்னலாக நின்று பார்க்க, இருவரும் கிளம்பினார்கள்.

பைன் மரங்களுக்கு நடுவே ஏறினார்கள். ஒரு பெஞ்சைக் கடந்தார்கள். கொஞ்சம் இறங்கினார்கள். ஜோகியா நின்றார்.

"மலை எங்க தம்பி?"

"தாண்டி வந்துட்டோம் அண்ணே."

ஜோகியா திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் ஒரு கிழவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஜோகியா ஏதோ சொல்ல வாயைத் திறந்து ஒரு அடி எடுத்து வைத்தார். பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கிக் கண்ணாடியாக்கி வைத்திருந்த பனி அது. ஆணி பூட்ஸ் பிடிக்கவில்லை. அவர் வழுக்கிக்கொண்டு போனார். கயிறு இருந்ததால் விஸ்வால்டிஸும் போனார். அடிவாரத்தில் ஜோகியாவின் மேல்தான் விஸ்வால்டிஸ் விழுந்தார், அதனால் அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஜோகியாவுக்குக் கணுக்கால் முறிந்தது.

எங்கே விழுந்தீர்கள் என்று கேட்ட டாக்டர், பதிலைக் கேட்டுவிட்டுப் பனிக்கோடரியையும் ஒருமுறை பார்த்தார். உடனே கட்டுப் போட ஆரம்பித்தார்.

கட்டு போட்ட காலோடு ஜோகியா அவர்கள் வீட்டு சோபாவில் வாரக்கணக்கில் கிடந்தார். வெல்டா பன்றிக்கொழுப்பு போட்ட சாம்பல் நிறப் பட்டாணி சமைத்துக் கொடுத்தாள். மதுக் குடுவை அக்கம்பக்கத்தார் உதவியோடு காலியானது. விஸ்வால்டிஸ் மன்னிப்புக் கேட்கத் தொடங்கும்போதெல்லாம் ஜோகியா கையை ஆட்டித் தடுத்துவிடுவார். அவர் கவலை வேறு. பிறந்ததிலிருந்து சிகரங்களில் ஏறி இறங்கியவர், ஒருமுறைகூட அடிபட்டதில்லை.

"ஊர்ல கேட்டா என்னம்மா சொல்லுவேன்?" என்று வெல்டாவிடம் முறையிட்டார்.

"நடந்ததைச் சொல்லுங்க அண்ணே. ரிகாவுலயே பெரிய மலையில, பனியில வழுக்கி விழுந்தேன்னு. இதுல எது பொய்?"

ஜோகியா அப்படியே சொன்னார். மேற்கொண்டு ஊர்க்காரர்கள் சேர்த்துக்கொண்டதற்கு அவர் பொறுப்பில்லை.

அதன் பலன், ஜோகியாவின் மகள் கல்யாணத்துக்கு வெல்டாவோடு ஸ்வனேத்தி போனபோதுதான் விஸ்வால்டிஸுக்குத் தெரிந்தது. ஜோகியாவையே கீழே தள்ளிய மலையின் அடியில் வாழ்கிறவர் என்று பெரிய மலையேறிகளுக்கு நடுவில் அவரை உட்கார வைத்தார்கள். மறுநாள் காலை நாலைந்து பேர் கயிற்றோடு வந்து நின்றார்கள். விருந்தாளியைப் பனிச்சிகரத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். விஸ்வால்டிஸ் அண்ணாந்து பார்த்தார். சிகரம் தெரியவில்லை, அதற்குள் கழுத்து வலித்தது. முகம் வெளுத்துப்போய் ஜோகியாவைப் பார்த்தார்.

ஜோகியா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவரைக் கூப்பிடாதீங்கப்பா. தன் மலையைத் தவிர வேற மலையில கால் வைக்கிறதில்லைன்னு இருக்கிறவரு."

வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவருக்குக் கண்கூடக் கலங்கியது.

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள் வெல்டா. பூட்ஸை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிட்டாள். சாயங்காலம் பனி தொடங்கும் உயரம் வரை போய்வந்த சிவந்த முகத்தோடு திரும்பி, ஒரு முழு ரொட்டியைத் தனியாகத் தின்றாள்.

அதிலிருந்து கோடை விடுமுறை வந்தால் ஸ்வனேத்திதான். வெல்டா மேலே போவாள், ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் உயரம். விஸ்வால்டிஸ் கீழே ஜோகியாவோடு மாடுகளைப் பார்த்துக்கொள்வார். மாடுகளும் ஒருநாள் மேலே ஏறிவிட்டன. விஸ்வால்டிஸ்தான் வேறு மலையில் கால் வைக்காதவராயிற்றே, அவற்றை ஓட்டிவரப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.