வாயை மட்டும் அசைத்தவள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டுமே. அந்தக் கோபத்தால்தான் சித்தூரில் எங்கள் முனிசிபல் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வந்தது.

நான் கணக்கு டீச்சர். ஒருநாள் காலை பிரேயரில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாயை அசைக்கிறாள், சத்தம் மட்டும் வரவில்லை. ஏன் என்று அதட்டினேன்.

"என் குரலு ஆம்பள குரலாட்டம் இருக்குதாம் டீச்சர். நான் பாடிக்கினு இருந்தா எல்லாம் சிரிக்கிறாங்க. வாயை மட்டும் ஆட்டுடின்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

பிரேயரில் எல்லோருக்கும் மேலே கீச்சென்று பாடுகிற ஒருத்தி பக்கத்தில் நின்றாள்; அந்தக் கீச்சுக்குரல்காரி நைசாகப் பின்னால் ஒதுங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்ச் கொயரில் சின்ன வயதிலிருந்து நான் பாடுவதே கீழ்க்குரல்தான். மற்றவர்கள் மேலே பாடும்போது நாங்கள் கீழே வேறொரு மெட்டில் கூடவே போவோம். அன்றைக்கே சொல்லிவிட்டேன், பள்ளி விட்டதும் பாட்டு வகுப்பு, கட்டைக்குரல்காரர்கள் முதலில் வரவேண்டும் என்று.

எல்லாம் மார்க்கெட் தெருப் பிள்ளைகள். தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்று தக்காளி கூவிப் பழகிய தொண்டைகள். கீச்சுக்குரல்காரியை முன்வரிசையிலும், வாயை மட்டும் அசைத்த இவளைப் பின்வரிசையிலும் நிறுத்தினேன். மழைப் பாட்டு ஒன்றை இரண்டு மெட்டிலும் பழக்கினேன். பழகப் பழக, பின்வரிசை முழுக்க இவளைப் பார்த்துத்தான் பாடியது.

திருப்பதியில் பள்ளிகளுக்கான பாட்டுப் போட்டி. போகும் பஸ்ஸில் அவள் என் காதருகே வந்து கேட்டாள்:

"அங்கயும் சிரிச்சிட்டா டீச்சர்?"

"சிரிக்கட்டும் பாக்கலாம்!" என்றேன். ஆனால் எனக்கும் அந்தப் பயம்தான். அங்கே சிரித்துவிட்டால் இவள் ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கமாட்டாள்.

பாட்டு பாதிகூடப் போகவில்லை, நடுவர் கையை உயர்த்தினார். பின்வரிசை வேறு மெட்டில் தப்பாகப் பாடுகிறது, முன்வரிசை மட்டும் பாடட்டும் என்றார் தெலுங்கில். ஹாலில் சிரிப்பு. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அட கடவுளே! சண்டைக்கென்றே நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அதற்குள் முன்வரிசை பாட ஆரம்பித்துவிட்டது. மெட்டு சரிதான், ஆனால் உப்பில்லாத ரசம். இரண்டு அடி பாடிவிட்டு கீச்சுக்குரல்காரி சட்டென்று நிறுத்தினாள்.

"அவ பாடாம எங்களுக்கு வராது சார். அவளும் பாடுனாதான் இது பாட்டு."

நடுவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். சரி, எல்லோரும் பாடுங்கள் என்றார்.

அப்புறம் எழுந்தது பாருங்கள் அந்தக் குரல்! கீழேயிருந்து அவள் தாங்க, மேலே கீச்சுக்குரல் துள்ளிக்கொண்டு போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் நடுவர், தப்பாகக் கேட்டது நான்தான் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இன்னொரு முறை பாடச் சொன்னார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

திரும்பும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டியும் பாட்டு ஓயவில்லை. கண்டக்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரும்மா அது கட்டைக்குரலு? கொஞ்சம் மெதுவா!"

நான் வாயைத் திறப்பதற்குள், முன்சீட்டிலிருந்து கீச்சுக்குரல்காரி எழுந்து நின்றாள்.

"அவ மெதுவா பாடமாட்டா. நீங்க டிக்கெட்ட கிழிங்க!"