அக்கம்மாள் மலாவிக்காரர்களிடம் பேசிய நாள்

ஒக்கூரை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருக்கிறது. அதன் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள் அக்கம்மாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கல்யாணம் ஆன பிறகு நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு என்று யார் கூப்பிட்டாலும் போய்க்கொண்டிருந்தாள். மகள் சினேகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சமையல் வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கிய பொருள் ஒரு கைக்கடிகாரம். உலை வைக்க நேரமாகிவிடக் கூடாது என்பதற்காக. அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்ததாம்.

கணவர் வேல்பாண்டி கொத்தனார். நல்ல மனிதர், ஆனால் மழைக்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களில் வீடு நடந்தது அக்கம்மாளின் சம்பளத்தில்தான். சினேகா கல்லூரிக்குப் போனதும் அதில்தான். இப்போது அவள் காரைக்குடியில் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்.

அங்கே அவளோடு படித்தவள் சிசோமோ. ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டுக்காரி. அந்நாட்டுக் கல்வித்துறையில் வேலை பார்த்தவள். உதவித்தொகை பெற்று வந்தவள். அவள் ஆராய்ச்சியே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதைப் பற்றித்தான். ஆகவே ஒருநாள் சினேகா அவளைத் தன் அம்மா சமைக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தாள்.

அன்றைக்குச் சாம்பார் சாதமும் முட்டையும். சிசோமோ பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் தலைமுடிப் பின்னலைத் தொட்டுப் பார்க்க இரண்டாம் வகுப்பு மொத்தமும் எழுந்து வந்தது. தலையைக் குனிந்து காட்டினாள். சாப்பிட்ட பிறகு சமையல்கூடத்துக்குள் வரலாமா என்று சைகையில் கேட்டாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். அக்கம்மாளுக்கு அது பிடித்துப்போயிற்று.

"அவ பேருக்கு என்னடி அர்த்தம்?"

"அவுக பாஷையில அருள்னு அர்த்தமாம்மா."

"அப்ப அருளுன்னே கூப்புடுறேன். எனக்கு அந்தப் பேரு வாயில நொழையல."

சிசோமோ நிறையக் கேட்டாள். அரிசி யார் அனுப்புகிறார்கள், முட்டை கெட்டிருந்தால் யாரிடம் சொல்வது, கேஸ் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று. கடைசியாகக் கேட்டது சம்பளத்தைப் பற்றி. உண்டு என்று சினேகா சொன்னதும் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு தன் ஊரைப் பற்றிச் சொன்னாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது அரசாங்கம் ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. அதுவரை வீட்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். இடம் போதாமல் மரத்தடியில் வகுப்பு நடந்தது. பாதிப் பள்ளிகள் சர்ச்சுகள் கட்டியவை. வாத்தியார் சம்பளம் அரசாங்கத்துடையது. காலையில் மக்காச்சோளமும் சோயாவும் அரைத்த மாவில் கஞ்சி. மாவு பெரும்பாலும் வெளிநாட்டு உதவி. அதைக் காய்ச்சுவது ஊர்த் தாய்மார்கள், முறை போட்டுக்கொண்டு. சிசோமோவின் அம்மா எஸ்தரும் அதில் ஒருத்தி. தன் பிள்ளைகள் வளர்ந்து போன பிறகும் இன்னும் போகிறாளாம்.

"சும்மாவா செய்யிறாக?" என்றாள் அக்கம்மாள்.

"சும்மாதான்மா."

"வெறகு?"

சினேகா கேட்டுவிட்டுச் சொன்னாள். "அதையும் அவுகளே பொறக்கிட்டு வரணுமாம்."

அக்கம்மாள் சிசோமோவின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சிசோமோ அடிக்கடி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஒருநாள் காலை அக்கம்மாள் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது, சிசோமோ தன் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான். எஸ்தர் மூன்று கல் அடுப்பில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள். துழாவுகோல் படகுத் துடுப்பு அளவுக்கு இருந்தது. அக்கம்மாள் போனை வாங்கித் தன் பருப்புச் சட்டியைக் காட்டினாள். எஸ்தர் தன் கஞ்சியைக் காட்டினாள். புகையில் அவளுக்கு இருமல் வந்தது, கண்ணில் நீர் வழிந்தது. "கண்ணத் தொடைங்க மொதல்ல" என்று அக்கம்மாள் தமிழிலேயே சொன்னாள். எஸ்தர் அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர் சொன்னதற்கு ஒருவர் தலையாட்டினார்கள்.

"அமாயின்னு சொல்றாகளே, அது என்ன?" என்று கேட்டாள் அக்கம்மாள்.

"அம்மா" என்றாள் சிசோமோ, தமிழில்.

அந்த நவம்பரில் மலாவி அரசாங்கம் தன் பணத்தின் மதிப்பை ஒரே நாளில் வெகுவாகக் குறைத்தது. கடன் கொடுக்கிற வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்டுக்கொண்டபடி நடந்ததுதான் என்று சினேகா அம்மாவுக்கு விளக்கினாள். அக்கம்மாளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நேற்று ஒரு மூட்டை சோளம் வாங்கிய காசுக்கு இன்று முக்கால் மூட்டைகூட வராது.

தை மாதம் வந்தது. பழனிக்கு நடந்துபோகிறவர்களுக்குக் குன்றக்குடியில் சோறு போடுவார்கள். அக்கம்மாள் ஊர்ப் பெண்களோடு ஒவ்வொரு வருஷமும் சமைக்கப் போவாள். அந்த வருஷம் சிசோமோவும் கூட வந்து வெங்காயம் உரித்தாள். உரித்துக்கொண்டே கேட்டாள். சினேகா அதைத் தமிழில் சொன்னாள்.

"இங்கயும் சமைக்கிறீக, கூலி வாங்கல. பள்ளிக்கூடத்துல வாங்குறீக. ரெண்டும் சோறுதானேன்னு கேக்குறா."

"அது வேற, இது வேற" என்றாள் அக்கம்மாள். எப்படி வேறு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சிசோமோ கிண்டலுக்குக் கேட்கவில்லை. தாய்மார்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவள் எப்போது பேச்செடுத்தாலும், அவள் ஊர்ப் பங்குச் சாமியார் சொல்வது இதுதானாம்: பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவது ஆண்டவருக்குச் செலுத்தும் காணிக்கை, காணிக்கைக்குக் கூலி உண்டா?

மாசியில் அந்தத் துயரம் நடந்தது. மலாவியில் அது சோளம் விளைவதற்கு முந்திய பஞ்சமான மாதங்கள். விலை ஏறியதால் பெண்கள் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போக வேண்டியதாயிற்று. கஞ்சிக்கு ஆள் குறைந்து, கடைசியில் எஸ்தர் மட்டும் போனாள். இரண்டு பேர் தூக்கும் பானையைத் தனியாக இறக்கினாள். கொதிக்கிற கஞ்சி இரண்டு பாதத்திலும் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. எஸ்தர் பள்ளிக்கூடத்து ஆளும் இல்லை, அரசாங்கத்து ஆளும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது வெகுநேரம் ஆகியிருந்தது.

சிசோமோவுக்குச் செய்தி வந்தது. உதவித்தொகையில் விமானச் சீட்டுக்கு இடமில்லை. அவள் விடுதி அறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பிடவில்லை என்று சினேகா போன் செய்தாள். அக்கம்மாள் அன்று பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்து, பாத்திரம் கழுவுவதை உதவியாளரிடம் விட்டுவிட்டு, காரைக்குடி பஸ் ஏறினாள். விடுதியில் போய் அவள் துணியை ஒரு பையில் எடுத்து வைத்தாள்.

"வா ஆத்தா. ஒங்கம்மா காலு ஆறுற வரைக்கும் நம்ம வீட்டுல இரு."

வேல்பாண்டி தன் கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டு வாசலில் பாய் போட்டுக்கொண்டார். சிசோமோ அழுதபோது அக்கம்மாள் சேலையை விலக்கித் தன் இடது முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினாள்.

"சாம்பார் கொட்டுனது. சத்துணவு அமைப்பாளரு உடனே ஆட்டோவுல வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. நான் திரும்பி வார வரைக்கும் என் வேல அப்படியே இருந்துச்சு. ஆறிப்போச்சு பாரு. அவுகளுக்கும் ஆறிரும்."

எஸ்தரின் கால் ஆறத்தான் செய்தது. ஆனால் மெதுவாக, விரல்கள் சரியாக மடங்காதபடி. சிசோமோ அந்த நாட்களில் அக்கம்மாள் வீட்டில் உட்கார்ந்துதான் தன் ஆராய்ச்சியின் கடைசிப் பகுதியை எழுதினாள். சமைக்கிற தாய்மார்களை அரசாங்கம் வேலையாட்களாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதில் இருந்தது. மலாவிக் கல்வித்துறையில் அதைப் படித்த ஒருவர், இணையத்தில் ஒரு கூட்டம் போடலாம், இந்தியாவில் சமைக்கிற அந்த அம்மாவையும் பேசச் சொல் என்றார்.

அக்கம்மாள் முதலில் மாட்டேன் என்றாள். "நான் என்னத்தப் பேச? படிச்சவுக பேசட்டும்." வேல்பாண்டிதான், "ஒனக்குத் தெரிஞ்சதத்தான கேக்கப் போறாக" என்றார்.

ஆனியில் ஒரு வேலைநாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த நேரம் மலாவியில் காலை. தலைமையாசிரியை தன் அறையைக் கொடுத்தார். சினேகாவின் மடிக்கணினியில் முகங்கள் தெரிந்தன: கல்வித்துறை அதிகாரிகள், நிதித்துறையிலிருந்து ஒரு இளைஞர், நரைத்த தாடியோடு சிசோமோ ஊர்ப் பங்குச் சாமியார். அக்கம்மாள் கையைத் துடைத்துத் துடைத்துச் சேலைத் தலைப்பே நனைந்திருந்தது. தன் வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும், என்ன சமைப்பாள் என்று சொன்னாள். சினேகா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பங்குச் சாமியார் மிக மரியாதையாகக் கேட்டார். உங்கள் கோயிலுக்கும் சமைக்கிறீர்களாமே. அங்கே கூலி கேட்டதுண்டா?

"இல்ல சாமி. மனசு வராது."

அப்படியானால் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன்?

அக்கம்மாள் நாற்காலியை மடிக்கணினிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"குன்றக்குடிக்கு எனக்கு முடிஞ்சாப் போவேன் சாமி. மேலுக்கு முடியலையின்னா அடுத்த வருசம். அங்க வேற ஆளுக இருக்காக, யாரும் பட்டினி கெடக்க மாட்டாக. பள்ளிக்கூடத்துக்குப் போகாம அப்படி நிக்க முடியாது. நான் வரலையின்னா பிள்ளைக தட்டோட நிக்கும். எங்க மாமியா செத்த மறுவாரமே நான் உலை வச்சேன். வர மாட்டேன்னு சொல்லவே முடியாத ஒண்ண எப்படிக் காணிக்கைன்னு சொல்றது?"

சினேகா இதை ஒரு சொல்கூட விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நிதித்துறை இளைஞர் தாழ்ந்த குரலில் தன் பக்கத்தைச் சொன்னார். புதிய சம்பள வேலைகள் கூடாது என்று கடன் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் இருக்கிறது; வாத்தியார் இடங்களையே நிரப்ப முடியவில்லை. அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. முகத்தில் களைப்பு இருந்தது.

"தம்பி கையில அது இல்லன்னு தெரியுது" என்றாள் அக்கம்மாள். "சம்பளம் இப்ப முடியாட்டி, வெறகாச்சும் அவுகள செமக்க விடாதீக. கால்ல கொட்டுனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறது இன்னாரு பொறுப்புன்னு ஒருத்தரு பேரச் சொல்லி வைங்க."

பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். எஸ்தர் தன் பங்கைச் சேர்ந்தவள்தான் என்றார். அவள் கால் வெந்ததைக் கேட்டு ஜெபம் செய்யப் போனேன்; வண்டி அனுப்ப வேண்டும் என்று தோன்றவில்லை என்றார்.

சம்பளம் வரவில்லை. அடுத்த வருஷம் தேர்தல், அதன் பிறகு பார்க்கலாம் என்று அரசாங்கத்திலிருந்து பதில் வந்ததாகச் சிசோமோ சொன்னாள். ஆனால் அந்தப் பங்கில் சில காரியங்கள் மாறின. விறகை இப்போது சர்ச் வண்டி கொண்டு வந்து போடுகிறது. அறுவடையில் சர்ச் நிலத்துச் சோளத்தில் சமைக்கிற பெண்களுக்கு ஒரு பங்கு. கூலிக்குப் போனவர்களில் பாதிப் பேர் அடுப்படிக்குத் திரும்பி வந்தார்கள். எஸ்தர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மாவு கட்டி தட்டாமல் பார்த்துக்கொள்கிறாள்.

சிசோமோ பட்டம் வாங்கிக்கொண்டு போனாள். வாய்மொழித் தேர்வு அன்று பின்வரிசையில் அக்கம்மாளும் வேல்பாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லோரும் கை தட்டியபோது தட்டினார்கள். பஸ் நிலையத்தில் அவளை அனுப்பியபோது அக்கம்மாள் அழவில்லை. மறுநாள் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள்.

போன வருஷக் கடைசியில் சிசோமோவிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் மாவட்டத்துப் பள்ளிகளில் சமைக்கிற பெண்கள் எல்லாம் கூடுகிறார்கள், அக்கம்மாள் வந்து அவர்களோடு ஒரு வாரம் இருக்க வேண்டும், செலவு அவர்களுடையது. அக்கம்மாள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் வாசலில் நின்று கேட்டார்.

"மலாவியா? அங்க ஒங்களுக்கு யாரும்மா இருக்கா?"

"எனக்கு ஒரு மக இருக்கா. அவ ஆத்தாளும் இருக்காக" என்றாள் அக்கம்மாள். அவர் சினேகாவைத் திரும்பிப் பார்த்தார். சினேகா, ஆமாம் என்றாள்.

வேல்பாண்டிக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக் கவலை இருந்தாலும் வெளியே சொல்லவில்லை. "போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றார். மார்ச்சில் கூட்டத்தை வைத்துக்கொள்ளலாமா என்று சிசோமோ போனில் கேட்டாள்.

"மார்ச்சுல எப்படித்தா?" என்றாள் அக்கம்மாள். "பிள்ளைகளுக்குப் பரீச்ச நேரம். மே மாச லீவுல வையி. நான் வாரேன்."