பி.ஏ. முடித்து வைத்தியம் படிக்கப் புறப்பட்ட எங்கள் மகன்

காலை ஆறு மணிக்கு மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. பண்டாரவளையில் ரயில் ஏறி, கொழும்பில் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பத்தை நேரில் கொடுக்க மகன் போக வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் விஷக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த சென்ற ஆண்டு அது. பெட்டியை ஏற்றி அவனும் ஏறி உட்கார்ந்த பிறகு, மேல் பிரிவு லயத்து வரிசை வீடுகளிலிருந்து நான்கு பேர் ஒருவரைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கங்காணி முன்னால் வந்தார்.

"டாக்டர் தம்பி, ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க."

"நான் டாக்டர் இல்லிங்க. அந்தப் படிப்புல சேரத்தான் இப்பப் போறேன்."

"பட்டம் வாங்கிட்டு வந்தீங்கன்னு நாங்கதானே தப்படிச்சுக் கூட்டியாந்தோம். அதுக்கு மேல என்னங்க படிப்பு? நம்ம தொரையே அம்புட்டுப் படிக்கலியாம்."

மகன் சிரித்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கினான். மறுபடி அதில் ஏறவில்லை.

பட்டம் பெற்றவரை 'அவர்' என்று எழுதுவதே முறை என்று உறவினர்கள் சொன்னார்கள். பெற்றவளின் கைக்கு அது வரவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மகன் ஹாலிஎலைக்கு அருகே, என் கணவர் கணக்கப்பிள்ளையாக இருக்கும் இத்தோட்டத்தில் பிறந்தான். நான் தோட்டத்து மிஷன் பாடசாலையில் ஆசிரியை. அங்கே கசப்பான கொயினா மருந்து கொடுக்கும் நாளில் பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். மகன் முதலில் வந்து, முகம் சுளிக்காமல் குடித்துக் காட்டுவான். பிறகு தனியே போய்த் துப்புவான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பதுளையில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கலாம். பட்டம் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவன்தான் சம்மதிக்கவில்லை.

"தோட்டத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சா கம்பவுண்டர் வேலைக்குப் போன்னு சொல்லிருவாங்கம்மா. கையில ஒரு பி.ஏ. இருந்தா அப்படிச் சொல்ல அவங்களுக்கு வாய் வராது."

அது நியாயமாகவே பட்டது. சென்னைக்குப் போனான். அங்கே கப்பல் சாப்பாட்டை விட விடுதிச் சாப்பாடு மோசம் என்று எழுதுவான். தவளையை அறுத்துப் பார்த்ததைப் பக்கம் பக்கமாக எழுதுவான். பி.ஏ.யில் விஞ்ஞானப் பிரிவு எடுத்துப் பட்டம் பெற்றுத் திரும்பியபோது லயத்து மக்கள் பாதையில் வாழைமரம் கட்டி, 'டாக்டர் தம்பி' என்று அழைத்தார்கள். இல்லை என்று விளக்கப் போன என்னைக் கணவர் தடுத்தார்.

"விடு. நாலஞ்சு வருசத்துல ஆகத்தானே போறான். இப்பவே பழகிக்கட்டும்."

பள்ளி முடித்த கையோடு சேர்ந்திருந்தால், காய்ச்சல் வந்த நேரம் வைத்தியப் படிப்பின் கடைசியில் இருந்திருப்பான். இங்கே வந்து நின்றிருந்தாலும் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி தெரிந்திருக்கும். ஓராண்டாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் தங்கை ஒருமுறை இருமினாலும் என் கை அவள் நெற்றிக்குப் போய்விடுகிறது.

வண்டியிலிருந்து இறங்கியவன் பாடசாலை வாங்குப் பலகைகளை வெளியே போடச் செய்து, நோயாளிகளை உள்ளே படுக்கவைத்தான். துரையிடம் போய், காய்ச்சல்காரர்களைக் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு அழைக்க வேண்டாம் என்று கேட்டுச் சம்மதம் வாங்கினான். கொதித்த நீரும் கஞ்சியும் நேரம் தவறாமல் கொடுக்கச் செய்தான். மருந்தை மட்டும் தொடவில்லை. "தெரியாததக் குடுக்கக் கூடாதும்மா" என்பான். கொழும்புக்கு அடுத்த வாரம் போகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னான். கம்பளியில் வந்தவர் எழுந்து வேலைக்குப் போனார். வேறு பலரும் பிழைத்தார்கள். மகன் படுத்தான். ஒரு விடியற்காலையில், என் மடியில், அவன் மூச்சு அடங்கியது.

அந்நாட்களில் மகனோடு நின்று நோயாளிகளைப் பார்த்த லயத்துப் பெண்களையும், தம் வீட்டில் இரண்டு பேர் படுத்திருக்கும்போதே எங்களுக்காகக் குழி வெட்ட வந்த கங்காணியையும், நாங்கள் கேளாமலே அரிசியும் சீனியும் அனுப்பிக்கொண்டிருந்த பதுளைக் கடை முதலாளியான முஸ்லிம் காக்காவையும், மழையில் நடந்து வந்து ஜெபித்த போதகரையும் எங்கள் குடும்பம் மறவாது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பதுளையிலிருந்து அரசாங்க வைத்தியர் வேண்டும் என்று மகனே பலமுறை ஆளனுப்பியிருந்தான். எல்லாத் தோட்டங்களிலும் காய்ச்சல். அவரால் வர முடியவில்லை. மகன் கண்மூடிய அதே காலையில், செய்தி இன்னும் லயங்களை எட்டாத வேளையில், மேல் பிரிவைப் பார்த்துவிட்டு அவர் குதிரையில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், களைத்துப்போயிருந்தார். வாசலுக்கு வந்த என்னிடம் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"அம்மா, இஞ்ச ஒரு டொக்டர் இருக்கிறாராமே? அவர் கஞ்சியும் சுடுதண்ணியும்தான் சொன்னவராம். அவர் சொல்லாமல் லயத்துச் சனம் என்ர மருந்தைத் தொடமாட்டினமாம். அவரை ஒருக்கா என்னோட வந்து சொல்லச் சொல்லுங்கோ."